வரப்போரத்துப் பயிர்

அமிர்தவல்லியின் வயல்மூலையில் நிறக்கம்பத்தின் விளக்கு பச்சையாக எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து ஊர் உத்திராபதி தன் மகனுக்கு அவள் மகளைப் பெண் கேட்டார். அவர் கம்பமும் பச்சைதான். இந்தக் கடலோரத்தில் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதற்கு முன்பே கம்பத்தைப் பார்த்துவிடுகிறார்கள்.

கம்பத்துக்கு நிறம் கொடுப்பது மண்கணி என்கிற இயந்திரம். ஒரு பிடி மண்ணைப் போட்டால், அதிலுள்ள உப்பு, சத்து, நுண்ணுயிர் எல்லாவற்றையும் படித்து, அந்த மண்ணுக்கென்றே விதைநெல் செய்து தரும். தன் மண்ணை அடையாளம் கண்டால்தான் விதையின் உறை திறக்கும். வேறு மண்ணில் விழுந்தால் தூங்கும். குத்துமதிப்பாக உரம் கொட்டிக் கைப்பொருளை இழந்த காலம் அதோடு போயிற்று. நல்ல மண்ணுக்குப் பச்சை. உவர் மண்ணுக்குச் சிவப்பு, கூடவே உப்பை அலச நன்னீர்க் குழாயும் உண்டு. ஆனால் சிவப்பு எரிகிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அமிர்தவல்லியின் நிலம் ஓடையோரப் பள்ளம். கோடையில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கும். பக்கத்து மேட்டு வயல் வைரக்கண்ணு சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போய், தன்னுடையது என்று கொடுத்துவிட்டாள். உறை விஷயம் தெரியாமலில்லை. நடுவில் ஒரு வரப்புதானே, மண் அவ்வளவா மாறிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுவாரம் வைரக்கண்ணுவின் கம்பம் சிவந்தது. அந்த மண்ணை ஏற்கெனவே தன் பெயரில் பதிந்துவிட்ட மண்கணி, அவர் அதே மண்ணைக் கொண்டுபோனதும் குழம்பிவிட்டது என்றே அமிர்தவல்லி நினைத்தாள். அவரோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"வுடு தங்கச்சி, தண்ணியாவது வருதுல்ல" என்றார்.

அதிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. மகளைக் கரையேற்ற ஒரு நல்ல மனுஷன் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று மருகினாள்.

இருவரும் விதை தெளித்தார்கள். மழையும் பெய்தது. இரண்டு வயலும் மொட்டையாகவே கிடந்தன. ஆனால் வரப்பைத் தாண்டி வைரக்கண்ணுவின் பக்கம் சிதறிய அவளுடைய விதை கருகருவென்று முளைத்து நின்றது. திருடிய இடத்தை அது ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். யார் கண்ணிலும் படுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே ஓடினாள்.

குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு வரப்பின் மறுபுறம் சலசலப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய வயலோரத்தில் வைரக்கண்ணு குந்தியிருந்தார். அவர் கையிலும் ஒரு கொத்துப் பயிர்.

"எங்க வயல்ல என்னண்ணே பண்றீங்க?"

"எங்க வயல்ல நீ என்ன பண்ற?"

அவர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

"நன்னீருக்கு ஆசப்பட்டு ஒன் மண்ண அள்ளிட்டுப் போனேன் தங்கச்சி. ஒன் கம்பம் பச்சையா எரிஞ்சப்ப மிஷினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

மண்கணி கெடவும் இல்லை, குழம்பவும் இல்லை. கொடுத்த மண்ணைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தது. அந்தப் போகத்தில் முளைத்த பயிரெல்லாம் பிடுங்கப்பட்டு அவர்கள் கையில் தொங்கியது. அமிர்தவல்லிக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"நான் போயி உண்மையச் சொல்லிடுறேண்ணே. கல்யாணம் நின்னா நிக்கட்டும். வெள்ளாமயில்லாம இந்த வருசம் எப்புடித் திங்கிறது?"

"இரு, நானும் வர்றேன்."

தன் வயலில் உப்பைக்கூடத் தட்டாமல் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டாள்.

மண்கணி நிலையத்தில் வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. ஏழெட்டு ஊர்க்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மண் முடிச்சு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவர் உத்திராபதி. அவளைக் கண்டதும் கையிலிருந்த முடிச்சை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். துணி அவிழ்ந்து, உப்பு பூத்த மண் காலடியில் கொட்டியது. குனிந்து அதை அள்ளியவர், அவள் முந்தானை முடிச்சைப் பார்த்தார்.

பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இப்புடி நில்லுங்க, சம்பந்தி" என்றார், தரையைப் பார்த்தபடியே.