அடைத்த வடக்கு வாசல்

ஆம்ப்ரோஸ் போதகர் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது மதியம் கடந்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவர் மகள் கிளெமென்சிக்கு ஞானஸ்நானம். அங்கிக்குள் உளியும் சுத்தியலும் ஒளித்து வைத்திருந்தார்.

புதுப்பித்த கட்டடத்தில் ஈரச் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. புதுப் பலகைகள், புதுக் கணப்பு. பழைய வடக்கு வாசல் இருந்த இடத்தில் செங்கல் அடைப்பு.

குழந்தை மேல் தண்ணீர் விழும்போது அந்தக் கதவைத் திறந்து வைப்பது ஊர் வழக்கம். குழந்தை வீறிட்டு அழும்போது, அதை விட்டுப் போகும் பிசாசு அவ்வழியே வெளியேறுமாம். கணப்பின் சூடு வீணாகிறது என்று போதகர்தான் அதை அடைக்கச் சொன்னார்.

அடைத்தவன் கொத்தனார் ஜேபெஸ். அன்று அவன் கெஞ்சினான்.

"ஒரே ஒரு கல்லை விட்டு வெக்கிறேங்கய்யா. ஞாயித்துக்கெழம எம்பையனுக்கு ஞானஸ்நானம்."

"பிசாசுக்குக் காத்தோட்டம் வேணுமாக்கும்?" என்று போதகர் சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறு, தண்ணீர் பட்டும் ஜேபெஸின் குழந்தை அழவில்லை. ஒரு வாரத்துக்குள் போதகரே அதை அடக்கம் செய்தார்.

இப்போது அவர் கல்லிடுக்கில் உளியை வைத்தார்.

டொக்.

அவர் இன்னும் அடிக்கவில்லை.

டொக். டொக்.

சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வரவில்லை. அவர் நின்ற பக்கம், முழங்காலுக்கு அருகில் கேட்டது. புளித்த பால் வாடை எழுந்தது.

"உங்க பொண்ணுக்கு மட்டும் வழியாங்கய்யா?"

ஜேபெஸ் பின்னால் நின்றிருந்தான்.

"தப்புதான் ஜேபெஸ். நான்..."

"உளி புடிக்கிற லட்சணத்தப் பாரு. குடுங்க இப்படி." அவனே வாங்கி இடித்தான். "பச்சப்புள்ள என்ன பண்ணுச்சு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதகருக்கு லேசாக இருந்திருக்கும்.

குழந்தையோடு வந்த போதகரின் மனைவி லெட்டிஸ், சுவரின் பொத்தலைப் பார்த்தாள். ஜேபெஸின் சுண்ணாம்பில் வெளுத்த கைகளையும் பார்த்தாள்.

"சூடு வீணாகுமே," என்றாள் கணவரின் காதருகில். அவர் தொட்டியை நோக்கி நடந்தார்.

தண்ணீர் விழுந்தது. பிறகு கிளெமென்சி வீறிட்டு அழுதாள். மெழுகுவர்த்திச் சுடர்கள் வடக்கே சாய்ந்து நிமிர்ந்தன. லெட்டிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். ஜேபெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

எல்லோரும் போனபின், தூசியைப் பெருக்கப் போதகர் துடைப்பம் எடுத்தார். ஞானஸ்நானத் தொட்டியின் அடிவரை சுண்ணாம்புத் தூசி படர்ந்திருந்தது.

அதில் சின்னஞ்சிறு உள்ளங்கைத் தடங்கள். இரண்டு வரிசை.

ஒன்று தொட்டியிலிருந்து நேராகப் பொத்தல் வழியே வெளியே போயிருந்தது.

மற்றொன்று பொத்தல் வரை போய், நின்று, திரும்பியிருந்தது. அவர் காலணி முனையில் வந்து முடிந்தது.

"அன்னைக்கு உனக்கு வழிய அடச்சுட்டேன், மன்னிச்சுடு," என்று முணுமுணுத்தபடி போதகர் காலை ஓரடி பின்னால் வைத்தார்.

அவர் விலகிய இடத்துத் தூசியில் இன்னொரு கை பதிந்தது.