பொந்தில் விட்டுவந்த வில்லை

காட்டோரத்தில் வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டுக்கு அக்காவும் தங்கையும் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. அக்காவுக்கு வழி என்றால் கால் போன போக்குதான். தங்கையோ பக்கத்துத் தெருவுக்கே போனில் மேப் பார்க்கிற ஜென்மம்.

"போனையாவது எடுத்துட்டுப் போயேன்க்கா."

"அதுகிட்ட இருந்து தப்பிக்கத்தான்டி காட்டுக்கே போறேன். நீ அதைக் கட்டிக்கிட்டு அழு."

போன வருஷம் இப்படித்தான் போய் இரண்டு நாள் காணாமல் போனாள். அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். "இனிமே அவளுக்கு நீதான் பொறுப்பு" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால் தங்கை ஒரு காரியம் செய்தாள். தொலைந்தால் கண்டுபிடிக்கச் சாவிக்கொத்தில் மாட்டுவார்களே, அந்த வில்லையை அக்காவின் பைக்குள் திருட்டுத்தனமாகத் திணித்துவிட்டாள். அக்கா இருக்குமிடம் இவள் போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும்.

அக்கா கிளம்பிப் போனாள். பத்து மணியிலிருந்து புள்ளி காட்டுக்குள் ஒரே இடத்தில் நின்றது. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி மரங்களை விழுங்கியது. ஈர மண்ணின் வாசனையோடு செத்த எலியின் நாற்றம்போல ஏதோ உள்ளே வந்தது. எங்காவது விழுந்து கிடக்கிறாளோ?

அப்போது புள்ளி நகர்ந்தது.

வீட்டை நோக்கி.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் புள்ளி ஓடை, பாறை எதற்கும் விலகாமல் ஒரே நேராக வந்தது.

முந்நூறு மீட்டர். ஐம்பது. பத்து.

வாசலில் நின்றது. கதவு மட்டும் தட்டப்படவில்லை.

"அக்கா?"

விளையாடுகிறாள் என்று நினைத்து, வில்லையை ஒலிக்கவைக்கும் பொத்தானை அழுத்தினாள். கீச், கீச். சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது, நிலைக்கும் மேலே, உயரத்தில்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"யாருடி வாசல்ல?"

திரும்பினாள். சமையலறையின் பின்கதவருகே அக்கா, கால் முழுக்கச் சேறு.

"அக்கா... உன் பையில அந்த வில்லை..."

"என்னையே வேவு பார்க்கிறியா, கழுதை? காலையிலயே கண்டுபிடிச்சு ஒரு மரப்பொந்துல போட்டுட்டேன். உள்ள என்னமோ மூச்சு விட்டுச்சு. ஏதோ பிராணின்னு வந்துட்டேன்."

வெளியே யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள்.

பிறகு அக்காவின் குரலிலேயே அது கேட்டது: "யாருடி வாசல்ல?"

இருவரும் பின்வழியாகக் காருக்கு ஓடினார்கள். துணிமணியைக்கூட எடுக்கவில்லை.

எட்டு மாதம் ஆயிற்று. ஊர் சுற்றிய அக்கா வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. தினமும் காலையில் தங்கைக்குப் போன் செய்வாள்.

"அது எங்கடி இருக்கு?"

"அதே காட்டுலதான்க்கா."

உண்மையும் அதுதான். வில்லையின் பேட்டரி தீர்ந்தே ஐந்து மாதம். புள்ளி கடைசியாகக் காட்டிய இடத்திலேயே அசையாமல் கிடந்தது.

இன்று காலை புள்ளி அக்காவின் வீட்டுக்குள் இருந்தது.

அக்கா வழக்கம்போலப் போனில் கேட்டாள். சொன்னால் பயத்தில் அங்கேயே உறைந்துபோவாள். "காட்டுலதான்க்கா," என்றாள். "எவ்வளவு நாள்தான் அடைஞ்சு கிடப்ப? கொஞ்சம் வெளிய நடந்துட்டு வா. இப்பவே."

"நீயா சொல்ற?"

"நான்தான். போனை அங்கேயே வச்சுட்டுப் போ. நேரத்தை வீணாக்காதே, போக்கா!"

அக்கா சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. தங்கை சுவரில் சாய்ந்து அழுதாள். அக்கா தப்பித்துவிட்டாள்.

பிறகு போனைப் பார்த்தாள்.

புள்ளி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தது. அக்காவின் நடை வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

அக்காவின் கையில் போன் இல்லை.