குரங்குக்கு வாலா, குரலா?

ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருக்கும் பள்ளியில் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கிலும் லினக்ஸ் இயங்குதளம். அவற்றுக்குப் பொறுப்பு, ஆறாம் வகுப்பு வேல்விழி.

இன்று மூன்று மணிக்குப் பெற்றோர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் இரண்டு மாதமாக வரைந்த கார்ட்டூனைக் காட்ட வேண்டும். பழக்காரரிடம் ரம்புட்டான் திருடும் குரங்கின் கதை. ஒரே குறை, குரங்கு ஊமை. அவர்களிடமிருந்த பழைய புரோகிராமில் சத்தம் சேர்க்க முடியாது.

மதியம் அவள் வகுப்புத் தோழன் கௌரிசங்கர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஏட்டி! புது புரோகிராம் வந்துட்டு. சத்தமும் சேக்கலாமாம். நாலுலயும் ஏத்திருவமா?"

வேல்விழி ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குரங்குதான் ஊமைன்னா, நீயுமா?"

"ஏலே, சீசனுக்கு முத தண்ணி அருவியில விழுந்தா நாம உடனே குளிப்பமா?"

"மாட்டோம். கல்லும் கட்டையும்லா சேந்து வரும்!"

"இதுவும் புதுத் தண்ணிதாம்லே. ஒண்ணுல மட்டும் ஏத்து."

"இப்படிப் பயந்தா என்னைக்குத்தான் குளிக்க?"

"தெளிஞ்ச பொறவு."

முணுமுணுத்தபடி ஒன்றில் ஏற்றினான். படத்தின் நகலைத் திறந்தான். குரங்கு "கீச்!" என்று கத்தியது. கௌரிசங்கர் துள்ளிக் குதித்தான்.

"வாலு எங்கலே?" என்றாள் வேல்விழி.

வால், பழக்காரரின் மூக்குக்குக் கீழே மீசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கௌரிசங்கரின் முகம் வாடியது. "நல்லவேளை, மத்த மூணும் தப்பிச்சு. ஆனா வாலு வேணும்னா குரல் இல்ல. குரல் வேணும்னா வாலு இல்ல. மணி வேற ரெண்டே முக்கால்!"

வேல்விழி மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, என்னய ஏன் பாக்க?"

மூன்று மணிக்குப் பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடியது. திரைக்குப் பின்னால் நின்று கௌரிசங்கர் கத்தினான். அவன் கத்திய கத்தலில் நிஜக் குரங்கு ஒன்று ஜன்னலுக்கு வந்து பதிலுக்குக் கத்தியது. அரங்கமே சிரித்து உருண்டது.

அடுத்த வாரம், புரோகிராமை எழுதியவர்கள் அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். வேல்விழி அதை ஒரு கம்ப்யூட்டரில் நான்கு நாள் ஓடவிட்டுப் பார்த்தாள். வால் வாலாகவே இருந்தது. பிறகுதான் மற்ற மூன்றிலும் ஏற்றினாள்.

"நாளைக்கு மறுபடியும் படம் போடுதோம். இனி குரங்குச் சத்தம் கம்ப்யூட்டர்லயே வரும்லா?" என்று கேட்டார் உமாதேவி டீச்சர்.

கௌரிசங்கரின் முகம் தொங்கிப்போனது. வேல்விழி அவனைப் பார்த்தாள்.

"வரும் டீச்சர். ஆனா கௌரியே கத்தட்டும். அவன் இன்னும் ஒரு தடவகூட மக்கர் பண்ணல."