நடுப்படங்கள்

அந்தத் தாளில் ஒரு கை அதிகமாக இருந்தது.

படத்தில் இருந்ததோ ஒரே ஒரு பெண். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி தைக்கிறாள். அவளுடைய கைகள் இரண்டும் ஊசியிலும் துணியிலும் இருந்தன. மூன்றாவது கை அவளுக்குப் பின்னால், லேசாகத் திறந்த கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொன்றும் இருக்க வேண்டியதைவிடச் சற்று நீளம்.

நாத்தனாரின் வேலைதான் என்று அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த அலுவலகத்தில் எல்லாருக்குமே அவள் அண்ணிதான். ஒரு பூட்டு விளம்பரத்துக்காக இருவரும் சேர்ந்து கையால் வரையும் குட்டி அசைவுப் படம் அது. தைக்கிற பெண் திரும்புவாள், அலறுவாள், உடனே பூட்டு வரும். அசைவின் முதல் நிலையையும் கடைசி நிலையையும் அண்ணி வரைவாள். நடுவில் வர வேண்டிய படங்களை எல்லாம் அடுத்த அறையில் நாத்தனார் வரைவாள். நடுச்சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாகத் தாள்கள் போகும், வரும். பேச்சு மட்டும் போகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

இருட்டுவதற்குள் படம் முடியாவிட்டால் நாளை முதல் இரண்டு பேரும் நாற்காலி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னபோது திறப்புக்கு அப்பால் பென்சில் சீவும் சத்தம் சட்டென்று நின்றதை அண்ணி கவனித்திருந்தாள். நாத்தனாருக்குக் கீழே உட்கார்ந்து நடுப்படம் வரைவதைவிடத் தெருவில் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கையை அழித்தாள். அடுத்த தாளை எடுத்தாள். கதவு இன்னும் கொஞ்சம் திறந்து, முழங்கை உள்ளே வந்திருந்தது. அதற்கடுத்ததில் தோள்.

தாள்களை அள்ளிக்கொண்டு போய் நாத்தனாரின் மேசையில் எறிந்தாள். நாத்தனார் நிமிரக்கூட இல்லை.

"முதல் படத்துல கதவை மூடி வரைஞ்சிருக்கீங்க. கடைசிப் படத்துல திறந்து வரைஞ்சிருக்கீங்க. கதவு தானா திறக்குமா அண்ணி?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். காலை அவசரத்தில், யார் திறந்தது என்று யோசிக்காமலே திறந்த கதவை வரைந்திருந்தாள். அதை இவளிடம் ஒத்துக்கொள்வதாவது. "அதுக்குப் பேயை வரைவியா?" என்று கத்தினாள்.

"வேணும்னுதான் ஒரு கை போட்டேன்." நாத்தனார் தாள்களைப் புரட்டினாள். முழங்கை இருந்த தாளில் நிறுத்தினாள். தோளைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இதெல்லாம் நான் வரையல."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். படிகளில் தடதடவென்ற சத்தம் இறங்கிப் போய், கீழே தெருக்கதவு அறைந்து மூடியது. பீடை ஒழிந்தது என்று அண்ணி தன் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, மீதியைத் தானே வரைய உட்கார்ந்தாள். அடித்தாள் ஊடுருவித் தெரிவதற்காகக் கண்ணாடி மேசைக்கு அடியில் எரியும் விளக்குக்காக எப்போதும் மூடியே கிடக்கும் திரைச்சீலைகளின் ஓரத்தில் மாலை வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருக்க, சூடேறிய கண்ணாடியின் வாடையும் அழிப்பான் தூளின் வாடையும் மூக்கில் ஏற, கட்டடத்தில் தன் மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பிறகு வேறு சத்தம் கேட்டது. அடுத்த அறையில், தாளில் பென்சில் ஓடும் சத்தம்.

"திரும்பி வந்துட்டியா?"

பென்சில் நின்றது. மறுபடி ஓடியது. திறப்பில் ஒரு தாள் வந்து விழுந்தது.

இப்போது அது முழுதாக அறைக்குள் நின்றது. முகம் இல்லை. முகம் போடுவதற்கு முன் அளவுக்காகப் போடும் வட்டமும் குறுக்குக் கோடுகளும் மட்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கையில் ஊசியைக் காணோம், பென்சில் இருந்தது. துணி இருந்த இடத்தில் கண்ணாடி மேசை. முதுகில் கிடந்த பின்னல் அண்ணியுடையது.

கடைசிப் படத்தை எப்படி வரைந்தாள் என்பது நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பு சில்லிட்டது. முகபாவம் சரியாக வர மேசைமேல் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பாள். காலையில் அதில் வாயைப் பிளந்து, கண்ணை விரித்து, தன் முகத்தையே பார்த்து வரைந்திருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிட்டது.

திரும்பக் கூடாது. திரும்பாவிட்டால் கடைசிப் படம் வராது. நாற்காலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

ஒரு தாள் விழுந்தது. அவள் கழுத்து கொஞ்சம் திரும்பி நின்றது.

அவள் திருப்பவில்லை.

இன்னொரு தாள். இன்னும் கொஞ்சம்.

பல்லைக் கடித்தாள். இன்னொரு தாள். தோளும் திரும்பியது. ஓரக்கண்ணில் வட்டத்தின் விளிம்பு.

இன்னொன்று.

பென்சில் சத்தம் நின்றது. நடுப்படங்கள் முடிந்துவிட்டன.

அவள் வாய் திறந்தது, காலையில் வரைந்த அதே அளவுக்கு. சத்தம் வரவில்லை. அது குனிந்து, வெறும் வட்டத்தை அவள் முகத்துக்கு நேரே வைத்து, அளவு பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தது. பிறகு நீண்ட விரல்களில் பென்சிலைப் பிடித்து, குறுக்குக் கோட்டின்மேல் தனக்கு ஒரு கண்ணை வரையத் தொடங்கியது. இமை வந்தது, விழி வந்தது. அண்ணிக்கு இடது கண் இருண்டது.