இரண்டரைக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே

ஆஸ்பத்திரியின் கடைசி வார்டுக் கதவைத் தள்ளும்போதே அவளுக்கு உடம்பு துவண்டது. பயமில்லை, அசதி. ஒரு வாரமாகப் பொட்டுத் தூக்கமில்லை. வீட்டில் தம்பி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

நரம்பில் மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதியவன் அவன். இந்த வார்டின் ஜன்னலோரப் படுக்கையில், மணிக்கு இரண்டரை மில்லி ஏற வேண்டிய மருந்து இருபத்தைந்தாக ஏறி, ஒரு வெளிநாட்டுக்காரர் செத்துப்போனார். தப்பு யார்மேல் என்று பார்த்துச் சொல்லும்படி, சோதனைப் பிரிவின் தலைவியான அவளையே கம்பெனி அனுப்பியிருந்தது. தலைகுனிந்து பழக்கமில்லாத குடும்பம் அது. இப்போது குனியவிடவும் அவள் தயாராக இல்லை.

"வாங்க மேடம். அன்னிக்கு ட்யூட்டி நான்தான்," என்றாள் நர்ஸ். "நீங்க சொல்றதுலதான் என் வேலையே இருக்கு."

"என்ன நடந்துச்சு?"

"அவங்க நாட்டுல புள்ளி வைக்கிற இடத்துல கமா போடுவாங்களாம். அவருக்குப் புரியட்டும்னு திரையை அவர் பாஷைக்கு மாத்தினேன். ரெண்டு, கமா, அஞ்சுன்னுதான் அடிச்சேன்."

அவள் படுக்கையருகே இருந்த பம்பின் திரையைத் தன் மொழியில் வைத்து, புள்ளியோடு 2.5 அடித்தாள். 2.5 என்றே காட்டியது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு, சிஸ்டர்."

"அவர் பாஷையில வச்சுப் பாக்கலியே?"

"தேவையில்லை."

"அப்போ நான்தான் கொன்னேனா?" நர்ஸின் குரல் உடைந்தது. அடுத்த வார்டில் மணியடிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

பட்டப்பகல். ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் அந்தப் படுக்கைவரை வந்து நின்றுவிட்டது. ஈரத்துணி வாடை எழுந்தது.

திரை தானாக மாறியது. அவளுக்குத் தெரியாத மொழி.

யாரோ நிதானமாக அழுத்துவதுபோல் ஒவ்வொன்றாக வந்தன.

2

கமா.

5

கமாவை மென்பொருள் விழுங்கியது. திரையில் 25 நின்றது.

பம்பு ஓடத் தொடங்கியது. ஆளில்லாத தலையணை மெல்லப் பள்ளமானது.

அவள் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பாட்டரியில் ஓடியது. அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். ஓடியது.

நாடு நாடாக விற்ற மெஷின். தங்கள் மொழியைத் தவிர வேறெதிலும் அவள் பிரிவில் யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

"போதும்," என்றாள். "தப்பு எங்க பக்கம்தான். நானே சொல்லிடறேன். அந்தப் பொண்ணுமேல பழி வராது."

பம்பு நின்றது.

தரையிலேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"நாமதான்டா. கமாவை எடுத்துப் போட்டுடுது. நீ எழுதினே, நான் பாக்காம விட்டேன். உள்ளதைச் சொல்லிடுவோம். மானம் இருந்தா அதுலதான் இருக்கு."

மறுமுனையில் தம்பி எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சரிக்கா... பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"உன் காதுகிட்டயே பேசறாரேக்கா. என்ன பாஷையோ, ஒண்ணும் புரியல," என்றான் தம்பி மெதுவாக. "ரொம்பக் களைச்ச குரல். முதல்ல அவருக்குப் பதில் சொல்லு."