முட்டைப் புள்ளியும் பதினொரு படிவங்களும்

சுண்டு வைக்கும் முற்றுப்புள்ளி புள்ளி மாதிரியே இருக்காது. குட்டியாக, உருண்டையாக ஒரு வட்டம் இருக்கும்.

"புள்ளி வைக்கச் சொன்னா வரிக்கு வரி முட்டை போட்டு வைக்கிறியே!" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். "பரீட்சையில முட்டை வாங்குறவங்களைப் பார்த்திருக்கேன். முட்டை போடுறவளை இப்பத்தான் பார்க்கிறேன்."

சுண்டு என்ன செய்வாள்? பேனாவை ஒரு சுற்றுச் சுற்றினால்தான் அவளுக்கு வாக்கியம் முடிந்த மாதிரி இருக்கும். மற்றபடி அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை டீச்சரே ஒப்புக்கொள்வார்.

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாளாம். அத்தை விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் பத்து வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய அப்பா தூரத்து ஊரில் பாலம் கட்டும் இடத்தில் வெல்டர். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. அம்மா தையல் கடையில் வேலை பார்க்கிறார். மூன்று மாதம் கூடுதலாகச் சீருடை தைத்துச் சேர்த்த காசில்தான் அம்மாவும் மகளும் ஒருமுறை அப்பாவைப் பார்க்கப் போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் ஏறும்போது சுண்டுவின் நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. அப்பாவோடு செய்ய வேண்டிய ஏழு காரியங்கள். பாலத்தைப் பார்க்க வேண்டும். அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருடைய வெல்டிங் முகமூடியை மாட்டிப் பார்க்க வேண்டும். விசில் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்படியே போய், ஏழாவதாக, 'சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்' என்று எழுதி, பெரிய முட்டை ஒன்று வைத்திருந்தாள்.

பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். மாலை ஆறு மணிக்குத் திரும்பும் ரயில். நடுவில் எட்டு மணி நேரம் முழுசாக அப்பா!

"டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கோ" என்று அம்மா கொடுத்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு. சுண்டு அதை நோட்டுக்குள், பட்டியல் இருந்த பக்கத்தில் அடையாளமாக வைத்துக்கொண்டாள்.

ரயில் பாதி வழியில், வெட்டவெளியில், கல் மாதிரி நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. சிக்னல் கம்பி அறுந்துவிட்டதாம். வெயில் ஏற ஏற எல்லார் குரலும் ஏறியது. எதிர் இருக்கையில் இருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதற்குப் பால் கரைக்கத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி, தண்டவாளம் ஓரமாகவே நடந்து போனார். அரை மணி கழித்து, தூரத்துக் கேட் காவலாளி வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் சுமந்துகொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ரயில் மறுபடி கிளம்பிய பிறகு, அவர் கட்டுக் கட்டாகத் தாள்களோடு வந்தார்.

"மூணு மணி நேரத்துக்கு மேல தாமதமாச்சுன்னா முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இதுதான் நஷ்ட ஈட்டுப் படிவம். நிரப்பி, டிக்கெட்டையும் சேர்த்து என்கிட்ட குடுங்க. நானே அனுப்பிடறேன்" என்று ஒவ்வொரு படிவத்திலும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

முழுக் கட்டணம்! சுண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா! அப்படின்னா அடுத்த மாசமே இன்னொரு தடவை போலாமா?"

"கிடைச்சா போலாம்டி, கண்ணு" என்றார் அம்மா.

சுண்டு பேனாவைத் திறந்தாள். அப்போது பக்கத்தில் ஒரு இருமல். வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு மாமா. "பாப்பா, எனக்குக் கொஞ்சம் எழுதித் தர்றியா? இடது கையால எழுதினா எனக்கே படிக்க வராது."

சுண்டு எழுதிக் கொடுத்தாள். படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"எழுது! இப்படி ஒரு ரயில் ஓடுறதுக்கு ஓடாமலே இருக்கலாம். இதை ஓட்டுறவங்க..." என்று மாமா மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

"மாமா, கட்டம் சின்னது. இவ்வளவு கோபம் கொள்ளாது" என்றாள் சுண்டு. "இன்னைக்கு நல்லதா எதுவுமே நடக்கலையா?"

மாமா தாடையைச் சொறிந்தார். பால் குடித்துவிட்டுக் கால் ஆட்டிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். "நடந்துச்சே! அந்த மனுஷன் இந்த வெயில்ல நடந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தாரே. சரி, அதையே எழுது. அவருக்கு நன்றின்னு போடு."

சுண்டு எழுதி, கீழே ஒரு முட்டை வைத்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர், "என் கண்ணாடி வீட்டுல மேசை மேல உட்கார்ந்திருக்கு" என்று தன் படிவத்தை நீட்டினார். அப்புறம் பேனா இல்லாதவர்கள். அப்புறம் பேனா இருந்தும், "உன் கையெழுத்து அழகா இருக்கும்மா" என்றவர்கள். பந்திக்கு நிற்பது போல வரிசையே நின்றது. சுண்டு எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். எல்லாரும் கொஞ்சம் யோசித்துவிட்டு நன்றி சொன்னார்கள்.

பதினோராவதாகக் கைக்குழந்தை வைத்திருந்த அக்கா. எழுத ஆரம்பித்ததும் குழந்தை பேனாவைப் பிடித்து இழுத்தது. பல் முளைக்கும் வயசு. எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். சுண்டு எழுத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு, நோட்டில் இருந்த தாள் ஒன்றை உருவிக் குழந்தை கையில் கொடுத்தாள். குழந்தை சமர்த்தாகிவிட்டது.

கடைசியில் சுண்டு தன்னுடைய படிவத்தை எழுதி முடித்தாள். டிக்கெட்டை எடுக்க நோட்டைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள். பின்னால் புரட்டினாள். பிறகு மெதுவாகக் குழந்தையைப் பார்த்தாள்.

குழந்தை சிரித்தது. அதன் கீழ் உதட்டில் கடைசித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! துப்புடா, துப்பு!" என்று அக்கா பதறினார். துப்பவும் செய்தது. ஆனால் அதைப் பார்த்து டிக்கெட் என்று பெற்ற தாயே சொல்ல மாட்டார்.

பரிசோதகர் தலையைச் சொறிந்தார். "நீங்க வந்தது எனக்குத் தெரியும்மா. ஆனா டிக்கெட் இல்லாம நான் வாங்க முடியாது. படிவத்தை நீயே அலுவலகத்துக்கு அனுப்பிப் பாரு."

ரயில் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. எட்டு மணி நேரம், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி, நாலு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அப்பா காலையிலிருந்து நடைமேடையிலேயே காத்திருந்தார். சேர்ந்து சாப்பிட்டார்கள். பாலத்தைப் பார்த்தார்கள். அதற்குள் திரும்பும் ரயில் வந்துவிட்டது. பட்டியலில் ஐந்து காரியங்கள் அப்படியே நின்றன.

வீட்டுக்கு வந்ததும் சுண்டு படிவத்தைத் தபாலில் போட்டாள். 'டிக்கெட் இணைக்கப்படாவிட்டால் காரணம்' என்ற இடத்தில் உண்மையை எழுதியிருந்தாள்: 'டிக்கெட்டைக் குழந்தை தின்றுவிட்டது.' பக்கத்தில் ஒரு முட்டை.

பத்தாம் நாள் அம்மாவின் போன் அடித்தது.

"ரயில்வே நஷ்ட ஈட்டுப் பிரிவுல இருந்து பேசறேன்" என்றது ஒரு கண்டிப்பான குரல். "படிவம் எழுதினது உங்க பொண்ணா? நாளைக்கு அவளை நேர்ல கூட்டிட்டு வாங்க."



மூன்றாவது மாடி அறையில், கோப்புகளுக்கு நடுவே ஒரு அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பதினொரு படிவங்கள் வரிசையாக விரிந்து கிடந்தன.

"ஒரே ரயில், ஒரே பெட்டி, பதினொரு படிவம், ஒரே கையெழுத்து" என்றார் அவர். "யாரோ தரகர் ஏமாத்துறான்னு நினைச்சு எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

சுண்டு அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாவுக்கட்டு மாமா, கண்ணாடி இல்லாத தாத்தா, குழந்தை அக்கா, எல்லாருக்கும் அவளால் அல்லவா பணம் நின்றுபோயிற்று! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டதே!

"நான்தான் எழுதினேன் மேடம். அவங்க யாரும் தப்பு பண்ணல. மாமாவுக்குக் கையில கட்டு. தாத்தாகிட்ட கண்ணாடி இல்ல. என்னோடது வராட்டியும் பரவாயில்ல. அவங்களோடதைக் குடுத்துடுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எங்கே, ஒரு வரி எழுது."

சுண்டு எழுதினாள்: 'நான் பொய் சொல்லவில்லை.' பழக்கதோஷம், பேனா தானாகவே ஒரு சுற்றுச் சுற்றியது.

அதிகாரி அந்த முட்டையைப் பார்த்தார். பதினொரு படிவங்களில் இருந்த முட்டைகளையும் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"தரகர் முட்டை போட மாட்டான்" என்றார். "சரி, பதினொண்ணும் உண்மைதான். இன்னைக்கே அனுப்பிடறேன்."

சுண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"ஆனா உன்னோடதுதான் சிக்கல். டிக்கெட் வேணும். இல்லேன்னா நீ அந்த ரயில்ல வந்ததுக்கு வேற ஆதாரம் வேணும். முத்திரை போட்ட படிவம் மட்டும் போதாது. அதை யாரும் கைமாத்திக்கலாம்."

சுண்டு மேசையையே பார்த்தாள். அவள் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"மேடம், படிவத்தைக் கைமாத்தலாம். கையெழுத்தை மாத்த முடியுமா? இந்தப் பதினொண்ணையும் டிக்கெட்டோட பரிசோதகர் ரயில்லயே வாங்கிட்டாரு. நான் அந்த ரயில்ல இல்லேன்னா இதையெல்லாம் எழுதினது யாரு?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ வந்தது சரி. உங்க அம்மா?"

"உங்க படிவத்துக்குப் பின்னாடியே போட்டிருக்கு மேடம். பன்னிரண்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்க தனியா பயணம் செய்யக் கூடாதுன்னு. எனக்குப் பத்துதான்."

அறையில் இருந்த எழுத்தர் களுக்கென்று சிரித்துவிட்டார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பொண்ணு ரொம்ப விவரம்தான்!" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டார். "பன்னிரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இந்தக் கட்டத்துல திட்டு மட்டும்தான் படிச்சிருக்கேன். நன்றின்னு எழுதி இப்பத்தான் பார்க்கிறேன். அதுவும் பன்னிரண்டு தடவை! இதையெல்லாம் நகல் எடுத்து அந்தப் பரிசோதகருக்கு அனுப்பப் போறேன்."

"ரொம்ப நன்றி மேடம்" என்றாள் சுண்டு.

"நாங்கதான் சொல்லணும்" என்றார் அதிகாரி. முதல் நாள் போனில் கேட்ட குரலா இது என்று சுண்டுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மாதம் மறுபடி அதே ரயில். அதே பரிசோதகர். சுண்டுவைப் பார்த்ததும் அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே மடித்த தாள்கள் எட்டிப் பார்த்தன. "வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்மா. முட்டை எதுக்குன்னுதான் யாருக்கும் புரியல" என்றார். இந்த முறை டிக்கெட் அம்மாவின் கைப்பைக்குள், ஜிப்புக்குள் இருந்தது.

ரயில் மிகச் சரியாகப் பத்து மணிக்குப் போய் நின்றது. சுண்டு முதல் ஆளாகக் குதித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

அப்பாவைக் காணோம்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார் அப்பா. கையில் வெல்டிங் முகமூடி. "ரயில் எப்படியும் லேட்டாத்தான் வரும்னு நெனைச்சுட்டேன்டா கண்ணு!"

"அதெல்லாம் முடியாது" என்றாள் சுண்டு. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "தாமதம் பன்னிரண்டு நிமிஷம். காரணம், ரயிலை நம்பாதது. நஷ்ட ஈடு, பாக்கி இருக்கற அஞ்சு காரியமும் இன்னைக்கே. சம்மதமா?"

"சம்மதம் அதிகாரியம்மா" என்று அப்பா கை கட்டி நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களான்னு ஒரு கட்டம் இருக்குமே, அது எங்கே?" என்று கேட்டார் அப்பா.

"அது நான் எழுதறது" என்றாள் சுண்டு. கடைசியில் ஒரு கட்டம் போட்டு, 'ஓடி வந்ததற்கு நன்றி அப்பா' என்று எழுதி, இதுவரை போட்டதிலேயே பெரிய முட்டையாக ஒன்று வைத்தாள்.