கத்தாத பன்றிகள்

இந்தப் பண்ணைக்காரர் ஏதோ மருந்து ஏற்றியிருக்கிறார். இல்லாவிட்டால் பன்றி கத்தாமல் நிற்குமா?

தாரிகா அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. மூக்கில் கயிற்றுச் சுருக்கு விழுந்ததுமே ஊரைக் கூட்டுகிற மிருகம், இரத்தம் எடுக்க அவள் அதன் கழுத்து நரம்பில் ஊசியை இறக்கியபோதும் தவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தி வெயில், ஈரத் தவிட்டின் புளிப்பு, வெளியே பனை வடலிக்குள் காற்று உரசும் ஓசை. பன்றிகள் நிறைந்த கொட்டிலில் அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

"கத்தாட்டி நல்லதுதானே பிள்ளை." பண்ணைக்கார மரியரட்ணம் சுருட்டை விரலிடுக்கில் பிடித்தபடி சிரித்தார். "என்ரை மனிசிக்கும் உந்தக் கத்தாத வருத்தம் வந்தால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவன்."

"மயக்க மருந்து ஏதும் குடுத்தனீங்களோ அண்ணை?"

"மாதாவாணை இல்லை."

அவள் நம்பவில்லை. பண்ணைகளில் பரவும் பன்றி வைரஸின் ஒரு புரதத்தைத்தான் அவள் ஆராய்கிறாள். உள்ளே நுழைந்ததும் அது உடலின் நோய்க்காவலின் வாயைப் பொத்திவிடும். காய்ச்சல் வராது. பன்றி தின்னும், உறங்கும், ஒருநாள் விழும். தான் சாவது அதன் உடலுக்கே தெரியாது. மனிதருக்கு ஒட்டாது என்று பண்ணை பண்ணையாகச் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். அதை நம்பித்தான் தினமும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மானிப்பாயில் காத்திருக்கும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள்.

மயிர் பொசுங்கும் மணம் வந்தது. செத்த பன்றியைப் பின்வளவில் எரிக்கிறார்களோ? கொட்டில் கதவுப் பலகையில் இடக்கையை அழுத்தி ஊன்றி எட்டிப் பார்த்தாள். புகை இல்லை. மணம் கிட்டத்தில் இருந்து வந்தது.

திரும்பினாள்.

மரியரட்ணத்தின் சுருட்டு முடிந்துவிட்டிருந்தது. நெருப்பு விரல்களுக்கு நடுவில் இருந்தது. தோல் சுருண்டு பொரிந்தது. அவர் இன்னமும் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, கை..."

"கைக்கு என்ன?"

ஓட வேண்டும். பலகையிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

துருப்பிடித்த ஆணி. உள்ளங்கையால் நுழைந்து, கையுறையைக் கிழித்து, புறங்கையில் நீட்டிக்கொண்டு நின்றது.

வலி இல்லை. கொஞ்சமும் இல்லை.

தொலைபேசி அடித்தது. மற்றக் கையால் எடுத்தாள். கணவன் சுதாகரன். பின்னால் குழந்தையின் வீறிடல்.

"எங்கை நிக்கிறீர்? பிள்ளை போத்தல் பாலைத் துப்புது. உம்மைத்தான் தேடுது. கெதியா வாரும்."

பால் சுரந்ததை அவள் உணரவில்லை. சட்டையில் ஈரம் பரவுவதைப் பார்த்தாள். பன்றிகள் எல்லாம் அவள் பக்கம் தலையைத் திருப்பின. ஒன்றும் கத்தவில்லை.

"போத்தலையே குடுங்கோ," என்றாள் மெதுவாக. "நான் வரேல்லை."